முதல் படகும் கடைசிப் படகும்

எங்கள் கட்டடத்தில்
கதவுக்குக் கதவு சாவிப்பெட்டி முளைத்தது.
நாலு எண் அழுத்தினால் திறந்துகொள்ளும்.
வெள்ளிக்கிழமைதோறும் புது அண்டைவீட்டார்,
படி ஏறும் சக்கரப் பெட்டிகளின் தடதடப்பு.
பெட்டி மாட்டாமல் மிஞ்சியது எங்கள் கதவுதான்.
அதற்கும் நாள் குறித்து
வீட்டுக்காரரின் மருமகன் கடிதம் போட்டான்.
மரியாதையான கடிதம். ஒரு பிழைகூட இல்லை.

அன்றிரவு அபிலியோ ரயில் வரைபடத்தை
சாப்பாட்டு மேசையில் விரித்தான்.
லிஸ்பன் இருந்த இடத்தில் நான் உப்புக்குப்பியை வைத்தேன்.
கையிலிருக்கும் பணத்துக்கு
உப்பிலிருந்து எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று
விரலால் அளந்தோம்.
விரல் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது.

காசேமில் தரகுப் பெண்
"அரை மணி நேரம்தான்" என்றாள்.
எந்த நாளின் அரை மணி என்று சொல்லவில்லை.
ஏட்டுச் சுரைக்காய்.
ஏழரை வண்டியில் என் கைப்பை ஒரு நிலையத்திலும்
நான் அடுத்த நிலையத்திலும் இறங்காதது அதிர்ஷ்டம்.
வீட்டைக் குறை சொல்லமாட்டேன்.
சமையலறையில் நல்ல வெயில் விழுந்தது,
நாங்கள் மூவரும் வெளியே இருக்கும் நேரமாகப் பார்த்து.

அல்வெர்க்காவில் நிலையம் வாசலிலேயே.
இரவு முழுக்கப் போகும் சரக்கு வண்டிகள்
அட்டவணையில் இல்லை,
படுக்கையறையில் இருந்தன.

நான் ஆய்வகத்தில் இரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள்,
காலை ஏழுக்குள் போயாக வேண்டும்.
அபிலியோ மீன் வறுக்கிறான்,
அடுப்பணைத்துக் கை கழுவ நள்ளிரவு.
எனக்கு முதல் வண்டி, அவனுக்குக் கடைசி வண்டி.
வீடு பார்க்கிறோம் என்று ஊரெல்லாம் சொன்னோம்.
பார்த்தது என்னவோ
இரண்டு வண்டிக்கும் நடுவே
ஒரே போர்வைக்குள் கிடைக்கும் நாலு மணி நேரத்தை.

நொயேமியாவுக்குப் பதினோரு வயது.
கூடத்து சோபாவில் வளர்ந்தவள்.
எந்த வீட்டைச் சொன்னாலும் ஒரே கேள்வி:
"எனக்குக் கதவு இருக்கா?"

பரெய்ரூவுக்கு ரயில் வேண்டாம், படகு.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
ஒத்திகை பார்க்கலாமென்று
சில்வினோ வீட்டில் தங்கி விடியுமுன் துறைக்குப் போனேன்.
மூடுபனி.
படகு இல்லை என்று பலகையில் எழுத்து ஓடியது.
ஆய்வகத்துக்கு ஃபோன் செய்தேன்.
"பனியா? இங்கே வெயில்" என்றாள் எர்மெலிந்தா.
அவளைப் பொய் சொல்லவும் முடியாது.

நான் பிறந்த நகரம் எதிர்க்கரையில் இருக்கவேண்டும்.
அந்த இடத்தில் வெறும் வெள்ளை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது,
நான் அதைத் தேடவே இல்லை என்று.
காலுறை நனைந்திருந்தது. பசித்தது.
துறைக் கடையில் காப்பி வாங்கினேன்,
இருபது சென்ட் குறைந்தது.
"நாளைக்குக் கொடு" என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.
நாளைக்கும் நான் வருவேன் என்று
அவருக்கு யார் சொன்னது?

ஐம்பது நிமிடத் தாமதம். சம்பளத்தில் பிடித்தார்கள்.
அந்த வாரமே முன்பணம் கட்டினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான்.
குடிவந்த மூன்றாம் நாளே
அபிலியோ கடைசிப் படகை விட்டுவிட்டு
உணவகத்தின் மாவு மூட்டைமேல் படுத்தான்.
கைப்பிடிச் சுவர் துருப்பிடிக்கிறது.
மாதச் சீட்டுப் படத்தில் என் கண் பாதி மூடியிருக்கிறது.

முதல் நாள் மாலை மட்டும் சொல்கிறேன்.
நொயேமியா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.
திறந்தாள். மறுபடி சாத்தினாள்.
பிறகு சத்தமே இல்லை.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
பெற்ற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட
முதல்முறையாகக் கதவைத் தட்டினேன்.
"யாரு?" என்றாள்.